எஞ்சினை அணைத்தவன் மகள்

மஞ்சள் விளக்கு எரிந்ததும் சர்கிலானா முதலில் செய்த காரியம், அதைப் பார்க்காத மாதிரி இருந்ததுதான். டேஷ்போர்டில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஓர் எஞ்சின் படம். எரிந்தால் எரிந்துவிட்டுப் போகட்டும் என்று சாலையைப் பார்த்து ஓட்டினாள். ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பத்து மூன்று டிகிரியில், பின்னால் எழுபது கிலோமீட்டருக்கும் முன்னால் தொண்ணூறு கிலோமீட்டருக்கும் புகை வருகிற ஒரு வீடுகூட இல்லாத சாலையில், அந்த நகம் அளவு வெளிச்சத்தைப் பார்க்காமல் இருக்க யாரால் முடியும்?

பகல் பன்னிரண்டு மணிதான். ஆனாலும் பனிமூட்டத்தில் முன்னால் ஐம்பதடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக எதிரில் ஒரு லாரி வந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. குளிர் மைனஸ் ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் புத்தியுள்ளவன் வண்டியை எடுக்கமாட்டான். புத்தியுள்ளவனுக்கும் சில நாள் போயே ஆகவேண்டிய வேலை வந்துவிடுகிறது, என்ன செய்ய?

வேலை பக்கத்து இருக்கையில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. பெயர் ப்ரகோபி. அறுபத்து நான்கு வயது, இரண்டு கண்ணிலும் புரை. நாளைக் காலை யாகுத்ஸ்க் நகரத்தில் வலக்கண்ணுக்கு ஆபரேஷன், ஐந்து மாதம் காத்திருந்து கிடைத்த தேதி. அங்கே கல்லூரியில் படிக்கிற மகள் ஐத்தாவுக்குக் குதிரைக் கறி கொண்டுபோக வேண்டும் என்று சர்கிலானாவும் நினைத்துக்கொண்டுதான் இருந்தாள். அதனால், "வாங்க சித்தப்பா, நானே கூட்டிட்டுப் போறேன்" என்று ஏற்றிக்கொண்டாள். சொந்தச் சித்தப்பா இல்லை. செத்துப்போன அப்பாவின் கூட்டாளி. அப்பா போன பிறகு அவர்கள் வீட்டுக்கு விறகு பிளந்து கொடுத்ததும், கூரை ஒழுகினால் ஏறிப் பார்த்ததும், சர்கிலானாவின் கல்யாணத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும் இந்த மனுஷர்தான்.

அப்பா யெகோர் எப்படிச் செத்தார் என்பது எங்கள் அர்பின் கிராமத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷம் முன்பு, இதே சாலையில், இதே ஜனவரியில், ப்ரகோபியோடு லாரியில் போனபோது ஏதோ விளக்கு எரிகிறது என்று எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்க இறங்கினார். அணைத்த எஞ்சின் திரும்ப ஓடவில்லை. இரண்டு டயரை எரித்துக் குளிர்காய்ந்தார்கள். பிறகு யெகோர் சாலைத் தொழிலாளர்களின் குடிசையைத் தேடி நடந்து போனார். நான்காவது கிலோமீட்டரில், உட்கார்ந்தபடி, மறுநாள் கிடைத்தார். ப்ரகோபிக்கு இடக்கையில் மூன்று விரல் போனதோடு சரி.

எங்கள் பக்கத்தில் எப்படியெல்லாமோ சாகிறார்கள். கரடி அடித்துச் சாகலாம், ஆற்றில் பனிக்கட்டி உடைந்து முழுகலாம், குடித்துவிட்டு வாசல்படியிலேயே உறைந்து போகலாம். எல்லாவற்றுக்கும் ஊர் இரக்கப்படும். ஜனவரியில் நடுச்சாலையில் எஞ்சினை அணைத்துச் செத்தவனுக்கு மட்டும் இரக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் சர்கிலானாவுக்குப் பெயரே 'அணைச்சவன் பொண்ணு' என்றாகிவிட்டது. அம்மா அக்குலீனா அப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டவில்லை. மற்ற வீடுகளில் செத்தவர் நாளன்று அடுப்புத் தீயில் ஒரு துண்டு ரொட்டியும் வெண்ணெயும் போடுவார்கள். அம்மா அதையும் போட்டதில்லை. "புத்தி கெட்ட மனுஷனுக்கு எதுக்கு வெண்ணெய்?" என்பாள்.

சர்கிலானா வளர்ந்து தபால் வண்டி ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தபோது ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. பத்து வருஷமாகிறது. அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை சூடான கொட்டகைக்கு வெளியே அவள் ஒரு முறைகூட எஞ்சினை அணைத்ததில்லை. மற்றவர்கள் கம்பளிப் போர்வையை எஞ்சின் மேல் போர்த்திவிட்டு அரை மணி, ஒரு மணி அணைப்பார்கள். இவள் கடைக்குப் போனாலும் ஓடும், கல்யாணத்துக்குப் போனாலும் ஓடும். இந்தத் திங்கட்கிழமை கொட்டகையில் அடுப்புக் குழாய் உடைந்துபோனது. மூன்று நாளும் இந்த வண்டியை வாசலில் ஓடவிட்டபடியே நிறுத்தி வைத்திருந்தாள்.

"சித்தப்பா."

"ம்."

"விளக்கு எரியுது."

ப்ரகோபி கண்ணைத் திறந்தார். "மஞ்சளா, சிவப்பா? எனக்கு எல்லாமே பால் ஊத்தின மாதிரி தெரியுது."

"மஞ்சள்."

"மஞ்சள்னா விடு. இந்தக் குளிர்ல மனுஷனே ஒழுங்கா வேலை செய்யமாட்டேங்கிறான், ஒயரு செய்யுமா? நம்ம ஸ்பிரிதோன் வண்டியில நவம்பர்ல எரிஞ்சது மே மாசம்தான் அணைஞ்சுது. அவன் அதுக்குப் பேரே வெச்சுட்டான்."

"என்ன பேரு?"

"அவன் மாமியார் பேரு. நாள் பூரா கண்ணு முன்னாடியே இருக்கும், சத்தம் போடாது, என்ன தப்புன்னும் சொல்லாதுன்னான்."

சர்கிலானா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, எஞ்சின் கோளாறைப் போனுக்குச் சொல்கிற விரல் அளவு ஸ்கேனர் ஒன்றை எப்போதும் செருகியே வைத்திருப்பாள். ஒரு கையால் ஓட்டிக்கொண்டே, கோட்டுக்குள் மார்போடு சூடாக வைத்திருந்த போனை எடுத்துப் பார்த்தாள். வால்வு திறக்கிற நேரம் தவறுகிறது என்று ஒரு எண்ணைக் காட்டியது. வால்வு நேரத்தைத் தள்ளிக்கொடுப்பது ஆயில் அழுத்தம். அப்படியென்றால் ஒன்று, குளிரில் ஏதோ ஒயர் பைத்தியமாகிவிட்டது, கவலை இல்லை. அல்லது ஆயில் கெட்டியாகிவிட்டது. மூன்று நாளாக ஓடுகிற எஞ்சினில் அது எப்படிக் கெட்டியாகும்? மூன்றாவது காரணத்தை நினைக்க அவளுக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை ஆயிலைப் பார்த்தபோது கோடு வரை இருந்தது. இருந்ததை எவன் எடுத்துக் குடித்தான்?

"என்ன சொல்லுது உன் மந்திரக்கோல்?"

"ஆயில் விவகாரமா இருக்கலாம்ங்குது. ஒயராவும் இருக்கலாம்."

"இருக்கலாம், இருக்கலாம். இதுக்கு ஒரு மெஷினு. மேட்டுல மரத்துக்கிட்ட நிறுத்தி ரோட்டுச் சாமிக்கு அப்பம் போட்டோமா? போட்டோம். பெரிய துண்டாவே போட்டேன். ரோட்டுக்கு நம்ம மேல கோவம் கிடையாது. ஓட்டு."

ஓட்டினாள். பத்து நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஹீட்டர் காற்றில் ஒரு வாடை வந்தது. முதலில் லேசாக, பிறகு மூக்கைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. ஆட்டு ரோமத்தை எண்ணெயில் தோய்த்துப் பொசுக்கினால் வருமே, அந்த வாடை. ப்ரகோபி பேச்சை நிறுத்திவிட்டு மூக்கை நிமிர்த்தினார். கண் போனவருக்கு மூக்கு கூர்மை.

"நிறுத்து. அணைக்காம நிறுத்து."

அதை யார் அவளுக்குச் சொல்ல வேண்டும்? ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓட ஓட இறங்கினாள். குளிர் மூச்சுக்குழாய் வழியே ஊசி மாதிரி இறங்கியது. பானெட்டைத் திறந்தாள். மேலே போர்த்தியிருந்த கம்பளிப் போர்வை சுத்தமாக, ஓரத்தில் வெண்பனி பூத்து இருந்தது. அதைத் தூக்கிப் பார்க்கக் கை நீண்டது. பானெட் திறந்த சத்தத்தை வைத்தே ஊகித்து, உள்ளேயிருந்து ப்ரகோபி கண்ணாடியைத் தட்டிக் கத்தினார்.

"போர்வையத் தூக்காதே. சூடெல்லாம் போயிடும். பக்கவாட்டுல குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தாள். இருட்டாக இருந்தது. காதை வைத்துக் கேட்டாள். எப்போதும் ஓடுகிற மாதிரிதான் ஓடியது. போர்வை ஓரம் எங்கேயோ புகைக்குழாயில் பட்டுப் பொசுங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பானெட்டை மூடினாள். பயந்தவளுக்குச் சமாதானம் சொல்ல வேறு யாரும் தேவையில்லை, அவளே போதும்.

திரும்பி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. அவள் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்ததும் மறைந்தது, விட்டதும் வந்தது. மூன்றாவது முறை வந்தபோது போகவில்லை. எண்ணெய்ச் சொம்பு படம், ரத்தச் சிவப்பில். அதோடு கீழேயிருந்து ஒரு சத்தம். டொக், டொக், டொக். யாரோ மூடின கதவை உள்ளேயிருந்து தட்டுகிற மாதிரி.

சர்கிலானா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த வண்டி நின்றால் உள்ளே இருக்கிற சூடு இருபது நிமிஷம் தாங்கும். பிறகு டயர். நான்கு டயரும் ஸ்டெப்னியும், ஒரு டயருக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் ஐந்து மணி நேரம். அதற்குள் யாராவது வந்தால் உண்டு. வராவிட்டால் ஐத்தா சாயந்தரம் விடுதி வாசலில் வந்து நின்று, நின்று, பிறகு போன் போட ஆரம்பிப்பாள்.

"சிவப்பா?" என்றார் ப்ரகோபி. அவர் குரல் மாறியிருந்தது.

"சிவப்பு."

"சத்தம் எனக்கும் கேக்குது." அவர் கையுறையைக் கழற்றிவிட்டு, மூன்று விரல் இல்லாத இடக்கையை டேஷ்போர்டின் மேல் வைத்துப் பார்த்தார். "அணை."

அவள் காதில் விழுந்ததை அவளே நம்பவில்லை. "என்ன?"

"எஞ்சினை அணை. சாவியத் திருப்பு."

"சித்தப்பா, உங்களுக்கு என்ன பைத்தியமா? அணைக்காதேன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே. அப்பா அணைச்சதாலதானே..."

"உள்ள ஆயில் இல்ல. இரும்பும் இரும்பும் தேயுது. இன்னும் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், அதுவா நின்னுடும். அதுவா நின்னா திரும்ப ஓடாது. நாம நிறுத்தினா ஓடும்."

"அப்பா நிறுத்தினாரே. ஓடலையே."

டொக், டொக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ப்ரகோபியின் முகம் பேயறைந்த மாதிரி வெளுத்து, வாய் மட்டும் ஏதோ மெல்லுகிற மாதிரி அசைந்தது.

"உங்கப்பன் நிறுத்தல."

"என்ன சொல்றீங்க?"

"யெகோர் நிறுத்தலம்மா. இதே விளக்கு, இதே சத்தம். நிறுத்திப் பாத்துடலாம்டான்னான். மூணு தடவை சொன்னான். நான்தான் சாவியப் புடிச்சுக்கிட்டேன். திருப்பினா மணிக்கட்ட ஒடச்சுடுவேன்னேன். எனக்குப் பயம். பத்து நிமிஷத்துல அதுவே இறுகி நின்னுடுச்சு. ராத்திரி பால் லாரிக்காரன் வந்து, எவன்டா எஞ்சினை அணைச்சதுன்னுதான் முதல் கேள்வி கேட்டான். யெகோர்னு சொல்லிட்டேன். வாய் தானா சொல்லிடுச்சு. இப்ப அணை, சர்கிலானா. உன் கால்ல விழறேன், அணை."

அவள் அவரைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் அவள் தலையில் ஒரே ஒரு சட்டம்தான் ஆணி அடித்த மாதிரி இருந்தது. அந்த ஆணியை அடித்த கையே இப்போது பிடுங்கச் சொல்கிறது. இந்த மனுஷன் அன்றைக்குப் பொய் சொன்னாரா, இன்றைக்குப் பொய் சொல்கிறாரா? தவறாக முடிவெடுத்தால் யோசித்துப் பார்க்க இன்னொரு நாள் கிடைக்காது. டொக், டொக் என்பது இப்போது டக், டக் என்று கூராகிவிட்டிருந்தது.

சாவியைத் திருப்பினாள்.

அந்த அமைதி இருக்கிறதே, அதைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். குளிர்காலத்தில் எங்கள் ஜனங்களின் காதில் எஞ்சின் சத்தம் ஓயாமல் இருந்துகொண்டே இருக்கும். அது நின்றதும் சர்கிலானாவுக்குத் தன் மூச்சு கேட்டது, அவர் மூச்சு கேட்டது, வெளியே காற்றிலிருக்கிற ஈரம் உறைந்து சலசலவென்று உதிர்கிற சத்தம்கூடக் கேட்கும் போலிருந்தது.

"மணி பாத்துக்கோ," என்றார் ப்ரகோபி.

"வாய மூடுங்க," என்றாள் சர்கிலானா. பெரியவர்களை அப்படிப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை. "நான் கேட்டா மட்டும் பேசுங்க. பின் சீட்டுல ஆயில் கேன் இருக்கு. எடுத்து மடியில வெச்சுச் சூடா வெச்சிருங்க. பிளாஸ்க்ல டீ இருக்கா?"

"இருக்கு."

"அதையும் வெச்சிருங்க. குடிச்சிடாதீங்க."

பானெட்டைத் திறந்து, இந்தத் தடவை போர்வையை முழுசாக இழுத்து எறிந்தாள். அடிப்பக்கம் கறுப்பாக, ஆயில் சொட்டச் சொட்டத் தோய்ந்திருந்தது. ஒரு மூலை புகைந்துகொண்டிருந்தது. பனியில் போட்டு மிதித்தாள். ஆயில் அளவு பார்க்கும் கம்பி அதன் துளையிலிருந்து ஒரு சாண் மேலே தள்ளிக்கொண்டு நின்றது. சுற்றிலும் எல்லா இடத்திலும் ஆயில். யாரும் குடிக்கவில்லை. எஞ்சினே துப்பியிருந்தது.

காரணத்தைத் தேட அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. எஞ்சின் தன் வயிற்றிலிருக்கிற ஆவியை வெளியே விட ஒரு ரப்பர் குழாய் உண்டு. மேல்மூடியிலிருந்து காற்றுக்குழாய்க்குப் போகிறது. அதன் கடைசி முனையைத் தொட்டுப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. உள்ளே பனிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. மூச்சு விட வழியில்லாத எஞ்சின், ஆயிலைக் கம்பித் துளை வழியாக வெளியே தள்ளியிருக்கிறது. மூன்று நாள், மூன்று இரவு சும்மா ஓடவிட்டால் எஞ்சின் நன்றாகச் சூடேறாது. வேர்த்துக்கொண்டே இருக்கும். அந்த வேர்வைதான் சொட்டுச் சொட்டாக இங்கே வந்து உறைந்திருக்கிறது. அணைக்கப் பயந்து ஓடவிட்டாளே, அந்த மூன்று நாள். பொய் சொன்னவர் அங்கே மடியில் ஆயில் கேனைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பொய் இருபத்திரண்டு வருஷம் கழித்து இந்தக் குழாய்க்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவளுக்கு வந்த கோபத்தில் கொஞ்ச நேரம் குளிரே தெரியவில்லை.

கோபப்பட நேரமில்லை. பெரிய கையுறையோடு குழாயின் கிளிப்பைக் கழற்ற முடியவில்லை. கையுறையை உருவிவிட்டு வெறும் விரலால் பிடித்தாள். இரும்பு தோலைக் கவ்விக்கொண்டது. இழுத்தபோது பெருவிரல் தோல் கிளிப்போடு போய்விட்டது. ரப்பர் இன்னும் எஞ்சின் பக்கம் மட்டும் சூடாக இருந்தது. விறைத்த பிறகு வளைத்தால் உடைந்துவிடும். உடைந்தால் கதை முடிந்தது. பச்சைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு வண்டிக்குள் ஓடினாள்.

அவள் கதவைத் திறக்கும்போது ப்ரகோபி வெளியே போய்க்கொண்டிருந்தார். தன் ஆட்டுத்தோல் கோட்டைக் கழற்றி, தடவித் தடவிப் போய், எஞ்சின் மேல் போர்த்தி, பானெட்டை இறக்கினார். ஸ்வெட்டரோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். பல் தந்தியடித்தது. சர்கிலானா குழாயை நீட்டினாள்.

"பிடிங்க. இந்த முனைய மேல தூக்கிப் பிடிங்க."

அவர் குழாயைப் பிடித்தார். அவள் பிளாஸ்க் டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊற்றினாள். டீ மேலேயே நின்றது, இறங்கவில்லை. ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மணி பார்த்தாள், பதினொரு நிமிஷம். கண்ணாடியின் உள்பக்கம் ஓரத்திலிருந்து வெள்ளை பூக்க ஆரம்பித்தது. அவளுக்கு ஏனோ அப்பா நடந்துபோன நான்கு கிலோமீட்டர் நினைவுக்கு வந்தது. எத்தனை நேரம் நடந்திருப்பார்? ஒரு மணி நேரம்? தன் பேரில் பழி வரப்போவது அவருக்குத் தெரியாது. கூட்டாளிக்கு உதவி கொண்டுவரத்தான் நடந்திருப்பார்.

"அப்பாவ நடக்கச் சொன்னது யாரு?" என்று கேட்டாள்.

"அவனாத்தான் போனான். நீ நெருப்பைப் பாத்துக்கோடா, நான் ஓடிட்டு வந்துடறேன்னான். திட்டக்கூட இல்ல."

குழாய்க்குள் ஏதோ நழுவியது. சுண்டுவிரல் நீளப் பனிக்கட்டி ஒன்று, காபி நிறத்தில், அவள் பூட்ஸ் மேல் விழுந்தது. குழாயை உதறினாள். துணியைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தாள். வாயில் வைத்து ஊதினாள். மறுபக்கம் ப்ரகோபியின் முகத்தில் காற்று பட்டது.

"வருது," என்றார்.

கத்தியால் குழாயின் அடிப்பக்கம், எஞ்சினுக்கு அருகில், ஒரு சின்ன ஓட்டை போட்டாள். மறுபடி முனை அடைத்தாலும் இதன் வழியாக மூச்சு விட்டுக்கொள்ளும். ஓடிப் போய் மாட்டினாள். கம்பியை அடித்து இறக்கினாள். ஆயிலை ஊற்றினாள். தேன் மாதிரி மெதுவாக, மிக மெதுவாக இறங்கியது. கேனைக் கவிழ்த்துப் பிடித்த விரல்களில் இரண்டு அவளுடையவை இல்லை போல் ஆகிவிட்டன. கடைசிச் சொட்டுக்குக் காத்திருக்காமல் மூடினாள். கோட்டை உருவிப் பின் சீட்டில் வீசினாள். இருபத்தாறு நிமிஷம் ஆகியிருந்தது.

சாவியில் கை வைத்தாள். திருப்பவில்லை. திருப்பும் வரைதான் நம்பிக்கை. திருப்பிய பிறகு இரண்டில் ஒன்று தெரிந்துபோகும்.

"திருப்பும்மா."

திருப்பினாள். ஸ்டார்ட்டர் முனகியது. ஒரு சுற்று, அரைச் சுற்று, நின்றது. ப்ரகோபி கண்ணை மூடிக்கொண்டார். பத்து எண்ணிவிட்டு மறுபடி திருப்பினாள். இன்னும் மெதுவாக முனகியது. டேஷ்போர்டு விளக்கெல்லாம் மங்கி, இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்கியது. பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் உயிர் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முப்பது எண்ணினாள். முப்பதும் முப்பது வருஷமாகப் போனது.

மூன்றாவது திருப்பில் இருமியது, உதறியது, மறுபடி இருமியது, பிடித்துக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. அணைந்தது. டொக் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் லேசாகக் கேட்டு, பிறகு தேய்ந்து, இல்லாமல் போயிற்று. மஞ்சள் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சர்கிலானா ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள்.

இருபது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தி ஆயில் பார்த்தாள். கம்பி இடத்தில் இருந்தது, ஆயில் கோட்டில் இருந்தது. மூன்றாவது தடவை பார்த்துவிட்டு ஏறியபோது ப்ரகோபி சொன்னார்:

"அடுத்த ஊர்ல என்னை இறக்கி விட்டுடு. வேற வண்டி பாத்துக்கறேன். உன் பக்கத்துல உக்காந்து வர எனக்கு யோக்யதை இல்ல."

"நாளைக்குக் கண்ணு ஆபரேஷன். பேசாம உக்காருங்க."

"அம்மாகிட்ட..."

"அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன்."

அவர் மூச்சு விட்டார். அந்த மூச்சில் நிம்மதி இருந்தது. அதைக் கேட்டபோதுதான் சர்கிலானாவுக்கு உண்மையிலேயே மனசு கல்லாகியது.

சாலை மேடேறியதும் போனில் டவர் வந்தது. கீழே ஊரின் புகைகள் நேராக நின்றன. ஓரமாக நிறுத்தி, அம்மாவின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, ப்ரகோபியின் கையில் கொடுத்தாள்.

"நான் சொல்லமாட்டேன். நீங்க சொல்லுங்க."

மணி அடித்தது. அவர் விரல் சிவப்புப் பொத்தானைத் தேடியிருக்கலாம். தேடவில்லை.

"சர்கிலானாவா? போய்ச் சேந்துட்டீங்களா?" என்றாள் அம்மா.

"நான்தான் அக்குலீனா. ப்ரகோபி." அவர் நிறுத்தினார். பிறகு சொன்னார். முன்பு வேகவேகமாகச் சொன்னதை இப்போது முதலிலிருந்து, ஒன்றுவிடாமல் சொன்னார். சாவியைப் பிடித்தது. மணிக்கட்டை ஒடித்துவிடுவேன் என்றது. பால் லாரிக்காரன் கேட்டது, தான் சொன்னது. இன்றைக்கு வண்டியில் நடந்தது. நடுவில் இரண்டு தடவை குரல் போய்விட்டது. அடுப்பில் விறகு வெடிக்கிற சத்தம் மட்டும் போனில் வந்தது.

அவர் சொல்லி முடித்தார். சர்கிலானா போனை வாங்கிக்கொண்டாள். "அம்மா?"

"எத்தனை நிமிஷம் அணைச்சு வெச்சிருந்தே?"

"இருபத்தாறு."

"அப்புறம் ஸ்டார்ட் ஆச்சா?"

"ஆச்சும்மா. மூணாவது தடவை."

அம்மா அழுகிறாளா என்று சர்கிலானா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். அழவில்லை. கணக்கு வாத்தியார் கணக்கைச் சரிபார்க்கிற குரலில்தான் அம்மா பேசினாள்.

"அப்படின்னா அன்னைக்கு உங்கப்பா பேச்சைக் கேட்டிருந்தா அவரும் வீட்டுக்கு வந்திருப்பாரு."

ப்ரகோபி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சர்கிலானா, "ஆமாம்மா, வந்திருப்பாரு" என்றாள். பிறகு கியரைப் போட்டு, ஊரை நோக்கி இறங்கினாள்.